வியாழக்கிழமை காலேஜ்

அவர் வாயிலிருந்து "செ ரெக்ளே" என்று வந்துவிட்டால், அந்தக் காரியத்தில் யாரும் இன்னும் கைவைக்கவில்லை என்று அர்த்தம். பிரெஞ்சில் அதற்கு "அதெல்லாம் முடித்தாகிவிட்டது" என்று பொருள். பெஞ்சுக் கால் ஆடுகிறது என்றால் செ ரெக்ளே. வாத்தியார் வரவில்லை என்றால் செ ரெக்ளே. சொல்லும்போது கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்துக் காற்றிலிருந்து எதையோ கிள்ளி எறிவார். கிள்ளிய பிறகு யாராவது அந்தப் பேச்சை மறுபடி எடுத்தால் அவருக்குக் காது கேட்காது.

அவரை முசே என்றுதான் கூப்பிட்டோம். புதுச்சேரியில் அந்தக் காலத்தில் கோட்டுப் போட்டவர் எல்லோரும் முசே. அவர் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. பயம் ஒன்றுமில்லை, அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அந்தப் பெயரை என் கையால் எழுத எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். அதையும் சொல்லிவிடவேண்டும். வெள்ளை டிரில் கோட்டு, கஞ்சி மொடமொடக்கும் காலர், வெயில் இல்லாத நாளிலும் தலையில் ஒரு தொப்பி. கைக்குட்டையை எடுத்து உதறினால் வகுப்பு முழுக்க ஓடிகொலோன் மணக்கும். சைகோனில் கல்வி இலாகாவில் இருந்தேன் என்பார். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை. கடற்கரைப் பக்கத்துக் காலேஜ் ஒன்றில் அவருக்கு ஒரு அறையும் ஒரு மேஜையும் ஒரு பியூனும் இருந்தன. மேஜையின்மேல் ஒரு தாள்கூடக் கிடக்காது. அதை அவர் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். பாதிப் பள்ளிக்கூடங்கள் பிரெஞ்சிலேயே நடந்தன. எங்களுடையது போன்ற மீதிப் பள்ளிகள் மதராஸ் பாடத்திட்டத்துக்குப் போய்விட்டன. அப்போதுதான் முசேவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஹைஸ்கூல் கடைசி வகுப்பில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாள் காலேஜுக்கு வரவழைப்பது, காலேஜ் பாடத்தை இப்போதே ஆரம்பித்துவிடுவது, அடுத்த வருஷம் அவர்கள் காலேஜில் சேரும்போது திருதிருவென்று விழிக்காமல் பார்த்துக்கொள்வது. யோசனை நல்ல யோசனை. என் வயிற்றெரிச்சலே அதுதான். உருப்படாத யோசனையாக இருந்திருந்தால் எங்கப்பா என்னை அனுப்பியிருக்கவே மாட்டார்.

அப்பா மில்லில் தறி ஓட்டினார். நாங்கள் ரெட்டியார்பாளையத்தில் இருந்தோம். எங்கள் வரிசை வீடுகளில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த பெண் யாரும் அதுவரை இல்லை. நான் முடித்துவிடுவேன் என்று அப்பா நம்பினார். அம்மாவின் அண்ணன், என் மாமா, நம்பவில்லை. அவரும் அதே மில்தான். ரீலிங்கில் நூல் சுற்றும் வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள், இடம் சொல்லிவைத்திருக்கிறேன் என்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போவார். "இந்த வருஷம் பரீட்ச எழுதி முடிக்கட்டும். முடிக்கலன்னா ஒன் இஷ்டம்" என்று அப்பா ஒருநாள் அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். எழுதினால் படிப்பு, எழுதாவிட்டால் ரீலிங். அந்த வருஷம் எனக்கு இருந்தது அவ்வளவுதான்.

முசே தன் வகுப்புகளை வியாழக்கிழமையில் வைத்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் உள்ள கூத்து விளங்காது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் இங்கே பள்ளிக்கூடத்துக்கு வியாழக்கிழமைதான் விடுமுறை. ஞாயிறும் வியாழனும். பிரெஞ்சில் நடந்த பள்ளிகளும் அந்தக் காலேஜும் கொடி மாறிய பிறகும் அப்படியே இருந்தன. மதராஸ் திட்டத்துக்குப் போன பள்ளிகளுக்கோ சனி, ஞாயிறு. வியாழக்கிழமை காலேஜில் அறைகள் காலியாக இருக்கும் என்று முசே பார்த்தார். அன்றைக்குப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று பார்க்கவில்லை. பிள்ளை என்று இருந்தால் அதற்கு வியாழக்கிழமை லீவு. அவருடைய உலகத்தில் சூரியன் கிழக்கே உதிப்பதுபோல அது நிச்சயம்.

எங்கள் பள்ளிக்குத் தன் திட்டத்தைச் சொல்ல அவர் நேரில் வந்ததும் ஒரு வியாழக்கிழமைதான். ரிக்ஷாவிலிருந்து இறங்கினவர், உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டு, வாசலில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்து, "என்னய்யா, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார். விசேஷம் ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடம் நடக்கிறது என்றான் அவன். "ழெதி அன்னிக்கா?" என்றார். ழெதி என்றால் பிரெஞ்சில் வியாழக்கிழமை. வராந்தாவில் நாங்கள் சிலர் வரிசையில் நின்றிருந்தோம். எங்கள் காதுபட நடந்தது இது. ஒரு முழுப் பள்ளிக்கூடம் தன் கண்முன்னால் நடப்பதைப் பார்த்துவிட்டு, அவர் வகுப்பு நாளை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. எங்கள் பெரிய டீச்சரம்மாவின் அறைக்குப் போனார், பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

பெரிய டீச்சரம்மா எங்கள் தலைமையாசிரியை. கண்டிப்பு. உள்ளே நடந்ததைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். "வியாழக்கிழம வராத பிள்ளைங்களுக்கு ஆப்சென்ட் விழுமேன்னு கேட்டேன். கல்வி ஆபீசுல பேசியாச்சு, அந்த நாளெல்லாம் வந்த கணக்குலதான் சேரும்னாரு. அப்ப எனக்கு ஆபீசுலருந்து ஒரு உத்தரவு வரட்டும்னேன். விரல சொடுக்கி என்னமோ பிரெஞ்சில சொல்லிட்டுப் போயிட்டாரு."

விரலைச் சொடுக்கவில்லை. கிள்ளி எறிந்தார். டீச்சரம்மாவுக்கு அந்த வித்தியாசம் அப்போது தெரியவில்லை. மேலிடத்து ஆளாயிற்றே என்று எங்களைப் போகவிட்டார். ஆனால் உத்தரவு வரும்வரை ஆப்சென்ட்தான் போடுவேன், பொய் எழுதமாட்டேன் என்று எங்களிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை.

காலேஜ் என்றால் என்ன என்று முதல் வியாழக்கிழமை தெரிந்துகொண்டேன். படிப்படியாக உயரும் பெஞ்சுகள், கீழே பள்ளத்தில் ஒரு மேடை, மேடையில் முசே. நாலைந்து பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்தோம். "இந்த வாசல் தாண்டினதும் நீங்க எக்கோல் பிள்ளைங்க இல்ல. கொலேஜ் மாணவர்கள்" என்றார். எக்கோல் என்றால் பிரெஞ்சில் பள்ளிக்கூடம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு கொலேஜ் மாணவர்கள் எப்படி உட்காரவேண்டும் என்று சொன்னார். எப்படி எழுந்திருக்கவேண்டும் என்று சொன்னார். மை ஊற்றும் பேனாவை எந்த மூன்று விரலால் பிடிக்கவேண்டும் என்று சொன்னார். மணி அடித்தது. அடுத்த வியாழனும் அதேதான். பௌதிகம் நடத்த வாத்தியார் எப்போது வருவார் என்று ஒரு பையன் கேட்டான்.

"செ ரெக்ளே" என்றார்.

வாத்தியார் தீபாவளி தாண்டித்தான் வந்தார். அதுவரை சைகோன் கதை. அங்கே நதி எப்படி, அங்கே மரம் எப்படி, கவர்னர் ஒருநாள் தன்னைப் பார்த்துத் தலையசைத்தது எப்படி. அந்தத் தலையசைப்பை மட்டும் எங்களுக்குப் பலதடவை நடித்துக் காட்டியிருக்கிறார். கவர்னர் பக்கத்தில் நின்ற வேறு யாரையாவது பார்த்து அசைத்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

வந்த வாத்தியார் கடலூர்க்காரர், சின்ன வயசு. பாடம் என்றால் அதுதான் பாடம். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பென்சிலைப் போட்டு, அது ஏன் உடைந்ததுபோலத் தெரிகிறது என்று ஒரு மணி நேரம் சொன்னார். இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் நடத்துகிறேன். அவருக்காகத்தான் வியாழக்கிழமைகளை விடமுடியாமல் போனேன். முசே செய்யாத ஒன்றுக்காக முசேவின் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம், அது அவருடைய அதிர்ஷ்டம்.

மைக்ராஸ்கோப் கதையைச் சொல்லாமல் இருக்கமுடியாது. காலேஜைப் பார்வையிட யாரோ பெரியவர் வருகிறார் என்று தெரிந்தது. அன்று காலை மேஜைமேல் பளபளவென்று ஒரு மைக்ராஸ்கோப் உட்கார்ந்திருந்தது. எங்கிருந்தோ ஒரு காலைக்கு மட்டும் இரவல் வாங்கியிருந்தார். நாங்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். அதனடியில் வைத்துப் பார்க்க ஒன்றுமே இல்லை. கண்ணாடித் துண்டுகூட வைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது என் கண்ணிமை மயிர். தலையைத் தூக்கி, "ஒண்ணும் தெரியலயே முசே" என்றேன்.

"பாக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்றார், வந்த பெரியவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. அந்தப் பெரியவர் ரொம்பச் சிரத்தையாகக் குனிந்து பார்த்துவிட்டு "ஆகா" என்றார். அப்புறம் போகிற போக்கில், இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வருகை குறையாதா என்று கேட்டார். முசே காற்றிலிருந்து கிள்ளி எறிந்தார். பெரியவர் திருப்தியாகப் போனார்.

என் கெட்ட நேரம், கார்த்திகை மழையில் எனக்கு டைஃபாய்டு வந்தது. தலைமயிர் கொட்டி, எலும்பும் தோலுமாக மறுபடி பள்ளிக்குப் போனபோது பொங்கல் முடிந்திருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு வியாழக்கிழமைகள் மட்டும்தான் போயிருந்தன, விளிம்பில் தப்பித்துவிட்டார்கள். எனக்குக் காய்ச்சலும் வியாழக்கிழமைகளும் சேர்ந்துகொண்டன. பெரிய டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"காய்ச்சல் மட்டும்னா ஒனக்கு ஒண்ணும் வராது. வியாழக்கிழமையெல்லாம் சேத்தா நீ பரீட்ச எழுதமுடியாது. அந்த முசே கல்வி ஆபீசுக்கு ஒரு நட போயி, இந்தப் பொண்ணு என் வகுப்புலதான் இருந்தான்னு சொல்லிட்டா போதும். நான் கேட்டுட்டேன், ஒத்துக்கிறோம்னு சொல்றாங்க. அவரு வந்து சொல்லணும், அவ்ளோதான். அப்பாவ கூட்டிக்கிட்டுப் போ."

கல்வி ஆபீஸ் அவருடைய வீட்டிலிருந்து இரண்டு தெரு. அதை மனசில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டி, என்னைக் கூட்டிப்போனார். முசே வாசல் வராந்தாவில் சாய்வுநாற்காலியில் இருந்தார். அவருடைய மனைவி, அவரை எல்லோரும் மதாம் என்பார்கள், உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அப்பா உட்காரவில்லை.

"முசே, எம்பொண்ணு பரீட்ச எழுதணும். ஆபீசுல நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுடுவாங்களாம்."

"உன் பேர் என்னப்பா?" என்றார். அப்பா சொன்னார். "மில்லா?" என்றார். ஆமாம் என்றார் அப்பா. "உன் பொண்ணு நல்லாப் படிக்கிறா. எனக்குத் தெரியும்" என்றார். அவருக்கு என் பெயர் தெரியாது. அந்த வருஷம் முழுக்க என்னை "நீ, அந்த ரெட்டியார்பாளையம்" என்றுதான் கூப்பிட்டார்.

"அப்ப போயி சொல்றீங்களா முசே?"

"செ ரெக்ளே."

அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. என்னைப் பார்த்தார். "முடிஞ்சிடுச்சுன்னு சொல்றாருப்பா" என்றேன். அப்பா குனிந்து கும்பிட்டார். முப்பது வருஷம் தறிமேட்டில் நின்றவர், மேஸ்திரிக்குக்கூட அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், பொண்ணு விஷயம் முடிஞ்சிடுச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மற்றப் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் வந்தது. எனக்கு வரவில்லை. முசே போகவேயில்லை என்றார் டீச்சரம்மா.

ஏன் போகவில்லை என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். சோம்பல் என்றால்கூட மன்னித்துவிடலாம். ஆபீசுக்குப் போய்க் கேட்டால், இது இன்னும் முடியவில்லை என்று ஆகிவிடும். முடிந்துவிட்டது என்று ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லியாயிற்று. தன் வாயால் முடிந்த காரியத்தை முடிக்கப் போவது அவருடைய கௌரவத்துக்கு இழுக்கு. அந்த இரண்டு தெருவை நடக்காமல் இருக்க அவர் ஒரு பெண்ணின் படிப்பைக் கொடுத்தார். அதுவும் அவருடைய சொந்தப் பெண் இல்லை.

மறுபடி போனோம். மத்தியானத் தூக்கம் கலைந்த முகத்தோடு வந்தார். அப்பா கையைப் பிசைந்துகொண்டு, டிக்கெட் வரவில்லை என்றார். முசேவுக்கு எரிச்சல் வந்தது. அப்பா ஏதோ மரியாதை தெரியாமல் பேசிவிட்டதுபோலப் பார்த்தார்.

"உனக்குப் புரியல. உன் பொண்ணு கொலேஜ் பாடம் படிக்கிறா. கொலேஜ் பாடம் படிக்கிற பொண்ணுக்கு எக்கோல் பரீட்சை எதுக்கு?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் என்னை அன்று பயமுறுத்தியது. மாடிக்குப் போய்விட்ட பெண்ணுக்குப் படிக்கட்டு எதற்கு என்பதுபோல அவருக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது. சொல்லிவிட்டு உள்ளே போனார். நாங்கள் படியிறங்கும்போது மதாம் பின்னாலேயே வந்தார்.

"அவரு போமாட்டாருங்க. நீங்க வேற வழி எதுனா பாருங்க" என்றார், மெதுவாக. அந்த வீட்டில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

வேறு வழிக்கு எங்களுக்கு யார் இருந்தார்கள்? அப்பா தானே ஆபீசுக்குப் போனார். முசே வந்து சொன்னால்தான் முடியும் என்று அங்கே சொன்னார்கள். மாமா வந்து, ரீலிங்கில் சித்திரை மாசம் ஆள் எடுக்கிறார்கள் என்றார். அம்மா என்னிடம் புத்தகங்களைப் பரண்மேல் போடச் சொன்னார். நான் போடவில்லை.

பரீட்சை ஒரு வியாழக்கிழமை ஆரம்பிப்பதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் காலேஜ் பியூன் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தான். "வியாழக்கெழம காலையில மதராசுலருந்து பெரிய கல்வி அதிகாரி வர்றாரு. பொண்ண கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு முசே. அன்னிக்கு எல்லாத்தயும் முடிச்சிடலாம்னாரு" என்றான்.

அப்பாவின் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். அதிகாரி நேரில் வருகிறார். அவர் கையாலேயே முசே அனுமதி வாங்கிக் கொடுத்துவிடுவார். காலேஜிலிருந்து பரீட்சை நடக்கும் இடம் கூப்பிடு தூரம். இப்படியெல்லாம் அப்பா கணக்குப் போட்டுச் சொன்னார். நானும் நம்பினேன். இரண்டு நாளும் விழுந்து விழுந்து படித்தேன். வியாழக்கிழமை விடிந்ததும் பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு, பேனாவில் மை நிரப்பி, சிந்தாமல் இருக்கத் துணி சுற்றி எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படிப்படியான பெஞ்சு அறையில் தோரணம் கட்டியிருந்தார்கள். மேடையில் ரோஜாமாலை, சோடா பாட்டில், ஒரு தட்டில் ரிப்பன் கட்டிய சான்றிதழ்ச் சுருள்கள். பெஞ்சுகள் மட்டும் காலி. பிள்ளைகள் எல்லோரும் பரீட்சைக்குப் போயிருந்தார்கள். வியாழக்கிழமைதானே, பிள்ளைகள் சும்மாதானே இருப்பார்கள் என்று முசே அன்றைக்குத் தன் வகுப்பின் முதல் வருஷப் பட்டமளிப்பை வைத்திருந்தார். பரீட்சை என்றைக்கு என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய அறையில் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்தி. பரீட்சை எழுத விடாததால் வந்திருந்தேன். கடைசிப் பெஞ்சில் அப்பா.

மதராஸ் அதிகாரி கதர் சட்டை போட்டிருந்தார். உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார். முசே பேச ஆரம்பித்தார். சைகோன் வந்தது, கவர்னர் தலையசைத்தார். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குப் பரீட்சை. ஓடினால் போய்விடலாம், இப்போது எழுந்தால்கூடப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாதா கோயில் மணி பத்தடித்தது. முசே இன்னும் கல்வியின் மேன்மையில்தான் இருந்தார். என் கையில் மை கசிந்திருந்தது.

பேச்சு முடிந்ததும் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் மேடைக்கு இறங்கிப் போனேன். தட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்து நீட்டினார். "இவதான் நம்ம திட்டத்தோட முதல் கனி" என்றார் அதிகாரியிடம்.

அதிகாரி தமிழர். "மத்தப் பிள்ளைங்க எங்கேம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"கூட்டம் வேணாம்னு நான்தான்..." என்று முசே தொடங்கினார்.

"எல்லாரும் பரீட்ச எழுதுறாங்க சார்" என்றேன். "இன்னிக்குத்தான் ஆரம்பம். எனக்கு மட்டும் டிக்கெட் குடுக்கல. வியாழக்கிழமையெல்லாம் இங்க வந்துட்டேன், அதனால வருகை பத்தல. இன்னிக்கு நீங்க டிக்கெட் குடுப்பீங்கன்னு முசே வரச் சொன்னாரு."

அதிகாரி முசேவைப் பார்த்தார். முசேவின் முகத்தில் கூச்சமோ வருத்தமோ வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கைக்குட்டையை எடுத்து உதறினார். ஓடிகொலோன் மணத்தது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்தன.

"செ ரெக்ளே" என்றார்.

"முடியலீங்க முசே."

கடைசிப் பெஞ்சிலிருந்து அப்பாவின் குரல். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாத மனுஷர். அந்தக் காலி அறையில் அது எல்லா மூலையிலும் கேட்டது. படிப்படியாக இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். "எதுவும் முடியலீங்க" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். "வாம்மா, போவலாம்."

அந்தச் சுருளை நான் வாங்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். முசே அதை நீட்டிய கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார், அடுத்த ஆள் யாராவது வருவார் என்பதுபோல.

ரெட்டியார்பாளையம்வரை நடந்தே போனோம். வழியெல்லாம் அழுதேன். அப்பா அழாதே என்று சொல்லவில்லை. வீடு நெருங்கும்போதுதான் பேசினார்.

"மாமா கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ மறுபடியும் அதே கிளாசுல போயி உக்காரு. ரீலிங்கும் வேணாம் ஒண்ணும் வேணாம். வியாழக்கெழம தவறாம பள்ளிக்கூடம் போ."

மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை இரண்டு வருஷம் நிறுத்திவிட்டார். வாக்குத் தவறியவன் என்று மில்லில் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே தறி ஓட்டினார். என்னைவிட ஒரு வயசு சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, படித்த பாடத்தையே மறுபடி படித்து, மறு வருஷம் பரீட்சை எழுதினேன். முடித்தேன். பிறகு ஆசிரியப் பயிற்சி.

மதராஸ் அதிகாரி போனவுடன் கடுமையாக ஒரு உத்தரவு வந்ததாகக் கேள்வி. அடுத்த வருஷம் வகுப்புகள் சனிக்கிழமைக்கு மாறின. திறப்பு நாளில் முசே, நவீன காலத்துக்கு ஏற்பத் தானே தீர யோசித்துச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததாகப் பேசினாராம். போன பிள்ளைகள் வந்து சொன்னார்கள். நான் போகவில்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது, புதுச்சேரி சட்டப்படியே இந்தியாவோடு சேர்ந்த வருஷம். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொள்பவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகி, அவர் பிரான்சுக்குக் கப்பலேறத் தயாராகிக்கொண்டிருப்பதாக ஊரில் பேச்சு. நான் உழவர்கரையில் ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். காலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது எதிரே வந்தார். அதே கோட்டு, அதே தொப்பி, கூட இன்னொரு கோட்டுக்காரர். என்னை அடையாளம் கண்டுகொண்டார். அது எனக்கு ஆச்சரியம்தான்.

"ரெட்டியார்பாளையம்" என்றார் சந்தோஷமாக. பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "என்னோட முதல் மாணவி. எக்கோல் முடிக்கறதுக்கு முன்னாலயே கொலேஜ் முடிச்ச பொண்ணு." மறுபடி என்னிடம், "இப்ப என்ன பண்றே?"

"டீச்சரா இருக்கேன்."

"பாத்தீங்களா" என்றார் நண்பரிடம். விரல்கள் சேர்ந்தன, கிள்ளின, எறிந்தன. "செ ரெக்ளே."

எத்தனையோ ராத்திரி படுக்கையில் கிடந்து, அவரைப் பார்த்தால் கேட்கவேண்டும் என்று சேர்த்துவைத்த கேள்விகள் எல்லாம் தொண்டைவரை வந்தன. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் அவருக்குப் புரிந்துவிடும் என்று நம்புவதுகூட அவருக்குச் செய்கிற மரியாதையாகப் போய்விடும்.

"வீட்டுக்கு வாயேன்" என்றார். "மதாம் சந்தோஷப்படுவா. உனக்கும் இன்னிக்கு லீவுதானே."

பஸ் வந்து நின்றது.

"இல்லீங்க முசே" என்றேன். "இன்னிக்கு வியாழக்கிழமை. எனக்குப் பள்ளிக்கூடம் இருக்குது."